தடிமன் வேறு, வயசு வேறு: பெரிய மரங்களை எப்படி அளக்கிறார்கள்?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ஓர் அரசமரம் இருக்கிறது. அடியில் பிள்ளையார், நாலு நாகர் கல், ஒட்டினாற்போல ஒரு டீக்கடை. போன வருஷம் யாரோ மேடைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டு மரத்தில் ஒரு தகரப் பலகையும் மாட்டினார்கள். ‘500 ஆண்டுகள் பழமையான மரம்’ என்று எழுதியிருந்தது. யார் கணக்குப் போட்டது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுகிறார்கள். அதுவரை அந்த மரத்துக்கு 200 வருஷம் என்றுதான் பேச்சு. ஒரு டப்பா பெயிண்டில் 300 வருஷம் கூடிவிட்டது.

இது எங்கள் தெருக் கதை மட்டும் இல்லை. வாட்ஸ்அப்பில் தினம் ஒரு படம் வருகிறது, ‘உலகின் மிகப் பெரிய மரம்’ என்று ஒன்று, ‘ஆயிரம் ஆண்டு ஆலமரம்’ என்று இன்னொன்று, அதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் பாவம் வேறு. பெரிது என்றால் உயரத்திலா, தடிமனிலா, பரப்பிலா என்று எதிலும் இருக்காது. வயசு எப்படித் தெரிந்தது என்பது அதைவிட இருட்டு. மரங்களை அளப்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பத்தில் பாதி போய்விடும். அதற்கு ஒரு நாடாவும் ஒரு குச்சியும் கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கும் போதும்.

எது பெரிய வீடு?

தெருவில் எது பெரிய வீடு என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தர் மூணு மாடி வீட்டைக் காட்டுவார், இன்னொருத்தர் நாலு கிரவுண்டில் தரையோடு கிடக்கும் பழைய ஓட்டு வீட்டைக் காட்டுவார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அளவுகோல்தான் வேறு. மரத்திலும் அப்படித்தான்.

உயரம் என்றால் கலிபோர்னியாவில் ஹைபீரியன் என்று பேர் வைத்த செம்மரம் ஒன்று சுமார் 116 மீட்டர் நிற்கிறது (நம் ஊர்ச் செம்மரம் இல்லை, அது கடலோர ரெட்வுட் என்கிற ஊசியிலை மரம்). மரக்கட்டையின் மொத்தக் கன அளவு என்றால் அதே மாநிலத்தில் இருக்கும் ஜெனரல் ஷெர்மன் என்கிற ஜயண்ட் செக்கோயா முந்துகிறது. உயரம் 84 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அடிமரத்தில் மட்டும் ஏறக்குறைய 1,487 கன மீட்டர் கட்டை இருக்கிறது. தடிமன் என்றால் மெக்சிகோவின் தூலே ஊர் சைப்ரஸ். அதைச் சுற்றி வர நாடா சுமார் 42 மீட்டர் வேண்டும். நிழல் விழும் பரப்பு என்றால் போட்டி நம் பக்கத்துக்கு வந்துவிடும். ஆந்திராவில் பழைய அனந்தபூர் மாவட்டத்தில் இருக்கும் திம்மம்மா மர்ரிமானு என்கிற ஆலமரம் ஏறக்குறைய 19,000 சதுர மீட்டரில் படர்ந்திருக்கிறது. நம் கணக்கில் நாலரை ஏக்கருக்கு மேல்.

இதில் எதுவும் உலகிலேயே வயசான மரம் இல்லை என்பதுதான் வேடிக்கை. அந்தப் பேச்சு வந்தால் கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் குளிரிலும் காற்றிலும் முறுக்கிக்கொண்டு நிற்கும் பிரிசில்கோன் பைன் மரங்களைத்தான் காட்டுவார்கள். மெதூசலா என்று பேர் வைத்த மரத்துக்கு 4,800 வருஷத்துக்கு மேல். ஆனால் பார்க்க ஆளை அசத்தாது, பட்டுப்போன கட்டை மாதிரி இருக்கும்.

ஆக, பெரிது என்பது உயரம், சுற்றளவு, கிளை விரிவு, கன அளவு என்று நாலு தனித்தனிக் கேள்வி. வயசு ஐந்தாவது கேள்வி.

நாடாவை எங்கே சுற்றுவது?

சுற்றளவில்தான் அதிகம் தப்பு நடக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. நாலு பேர் கைகோத்து மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துப் போடுவதும் பாகக் கணக்குதான். ஒரே சிக்கல், அந்த நாலு பேரும் எந்த உயரத்தில் கட்டிப்பிடித்தார்கள் என்பது. அடிமரம் தரையில் அகலமாக வேர்விட்டுப் பரந்திருக்கும், மேலே போகப் போக ஒடுங்கும். அடியில் அளந்தால் ஒரு கணக்கு, தோள் உயரத்தில் அளந்தால் வேறு கணக்கு. பேண்ட் தைக்கக் கொடுக்கும்போது இடுப்பு அளவைத் தொப்பையில் எடுத்தால் என்ன ஆகும்?

அதனால் எல்லாரும் ஒரே உயரத்தில் அளப்பது என்று வைத்துக்கொண்டார்கள். தரையிலிருந்து நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர். அந்த உயரத்தில் எடுக்கும் அளவுக்கு மார்பளவுச் சுற்றளவு என்று பேர். நம் வனத்துறைக் கணக்கிலும் இதே 1.37தான், பல நாடுகளில் 1.3 மீட்டர். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். ‘பத்தடி தடிமன்’ என்று யாராவது சொன்னால் சுற்றளவா விட்டமா என்று முதலில் கேளுங்கள், ஏனென்றால் இரண்டையும் மாற்றிச் சொன்னால் மரம் மூணு மடங்கு பெருத்துவிடும்.

சரி, நாலரை அடி என்றாகிவிட்டது. தரை எது? சிரிக்காதீர்கள், வடசென்னையில் இது நிஜமாகவே கஷ்டமான கேள்வி. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு வாசலிலிருந்து இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருக்கிறது. வீடு தாழ்ந்ததென்றால் மரமும் தாழ்ந்திருக்கிறது. அதன் அசல் அடி ஒன்றரை அடி தாருக்கும் ஜல்லிக்கும் கீழே புதைந்து கிடக்கலாம். அப்போது இன்றைய தரையிலிருந்து எடுக்கிற நாலரை அடி, மரத்தின் கணக்கில் ஆறடி. அளவு கொஞ்சம் குறைத்துக் காட்டும். கோயில் மேடை கட்டிய மரத்திலும் இதே கதைதான். எங்கே நின்று அளந்தேன் என்று கூடவே எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் கல்யாணம். அரசையும் வேம்பையும் ஒரே குழியில் வைத்துக் கல்யாணம் செய்து வைப்பது நம் வழக்கம். ஐம்பது வருஷத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே அடிமரம் மாதிரி ஆகிவிடும். அதைச் சுற்றி நாடா போடுவது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்து ஒரே பெல்ட்டால் இடுப்பளவு எடுக்கிற மாதிரி. ஆலமரத்தில் இது இன்னும் மோசம், தாய்மரத்தை விழுதுகள் இறுக்கிக் கட்டிப் போர்த்திவிடும், நாடா சொல்கிற அளவில் எவ்வளவு மரம், எவ்வளவு விழுது என்று பிரிக்கவே முடியாது.

எங்கள் அரசமரத்தை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்தேன். தையல்காரர் நாடா ஒன்றரை மீட்டர்தான், எட்டாது, அதனால் சணலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அவிழ்த்துத் தரையில் நீட்டி அளப்பது என்று திட்டம். டீக்கடை அண்ணன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ‘இன்னாபா, மரத்துக்குச் சட்டை தெக்கப் போறியா?’ என்று கேட்டவர், பிறகு என்னைவிட அக்கறையாகச் சணல் மேலே கீழே ஏறாமல் இருக்கிறதா என்று சுற்றி வந்து பார்த்தார். நாகர் கல்லுக்குப் பின்னால் நுழைத்து, பழைய பேனர் ஆணிகள் நாலைத் தாண்டி, மஞ்சள் துணிக்கு அடியில் விட்டு எடுத்ததில் 4 மீட்டர் 12 சென்டிமீட்டர். விட்டம் 1.31 மீட்டர். துணியையும் ஆணியையும் தவிர்க்காமல் முதலில் சுற்றியபோது 4.31 வந்தது. இவ்வளவுதான் விஷயம், ஆனால் 19 சென்டிமீட்டர் அதில் போகிறது.

சுருக்கமாக: நாலரை அடி உயரம், ஒற்றை அடிமரம், நாடா ஏறி இறங்காமல் மட்டமாக. இந்த மூன்றும் இல்லாத சுற்றளவு வெறும் கட்டிப்பிடித்தல்.

உயரமும் மீன்கடைக் குடையும்

உயரத்துக்கு எளிய வழி குச்சி. கையை நேராக நீட்டி ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கண்ணிலிருந்து முஷ்டி வரை எவ்வளவு தூரமோ அதே அளவு குச்சி முஷ்டிக்கு மேலே நிற்க வேண்டும். இப்போது பின்னாலேயே நடந்து போங்கள் (ஆட்டோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டு). மரத்தின் அடி முஷ்டியிலும் உச்சி குச்சியின் முனையிலும் சரியாகப் பொருந்தும் இடத்தில் நின்றுவிடுங்கள். தரை சமமாக இருந்தால், அங்கிருந்து மரம் வரைக்கும் உள்ள தூரம்தான் மரத்தின் உயரம்.

கொஞ்சம் பெரிய ஆட்கள் கோணமானி வைத்து, மரத்துக்கு உள்ள தூரத்தையும் உச்சி தெரியும் கோணத்தையும் கொண்டு கணக்குப் போடுவார்கள். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். ஆனால் குச்சியோ கோணமானியோ, இரண்டுக்கும் ஒரே கண்ணி உண்டு. மீன் விற்கிற அம்மாக்கள் நட்டுவைக்கும் பெரிய குடைக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். உங்கள் பக்கம் இருக்கும் குடை விளிம்பு, நடுவில் இருக்கும் குடை உச்சியைவிட மேலே தெரியும். உச்சி மறைந்தே போய்விடும். அகலமாக விரிந்த தூங்குமூஞ்சி மரம் இப்படிப்பட்ட ஒரு குடைதான். நாம் உச்சி என்று பார்ப்பது பெரும்பாலும் நம் பக்கம் நீண்ட ஒரு கிளை. அடிமரம் 20 மீட்டரில் இருக்கிறது, உச்சி 45 டிகிரியில் தெரிகிறது என்றால் கண்மட்டத்துக்கு மேலே 20 மீட்டர் என்று கணக்கு வரும். ஆனால் நாம் பார்த்த கிளை நம்மை நோக்கி 6 மீட்டர் நீண்டிருந்தால் அதன் நிஜ உயரம் 14தான். நின்ற இடத்திலேயே இரண்டு மாடி பொய்.

இதனால்தான் இப்போது லேசர் கருவியை நேராக அந்தக் கிளை நுனிக்கே அடித்து, நுனி வரை உள்ள சாய்வு தூரத்தை எடுத்து, அதைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்குகிறார்கள். எந்தக் கிளையை அடித்தாலும் அதன் சொந்த உயரம்தான் வரும், கூட்டிக் காட்டாது. சாதனை மரம் என்றால் அதையும் நம்புவதில்லை, ஆள் ஏறி உச்சியிலிருந்து நாடாவைத் தொங்கவிட்டுவிடுவார்கள். மலேசியாவின் சபா மாநிலத்தில் மெனாரா என்கிற மரத்தை 2019இல் அப்படி ஏறித்தான் 100.8 மீட்டர் என்று உறுதி செய்தார்கள். அந்த மரம் இருப்பதே முதலில் விமானத்திலிருந்துதான் தெரிந்தது. விமானத்திலிருந்து லேசர் கதிர்களைக் கீழே அனுப்பி, திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துக் காட்டின் மேடு பள்ளத்தை வரைகிற முறைக்கு லைடார் என்று பேர்.

கிளை விரிவு சுலபம். நடுப்பகல் நிழலின் ஓரம் மாதிரி, கிளை நுனிகளுக்கு நேர் கீழே தரையில் குறித்துக்கொண்டு, மிக நீளமான குறுக்களவையும் அதற்குச் செங்குத்தான குறுக்களவையும் எடுத்துச் சராசரி போட்டால் முடிந்தது. அமெரிக்காவில் 1940 முதல் பெரிய மரங்களுக்குப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதில் சுற்றளவு அங்குலத்தில், உயரம் அடியில், சராசரி விரிவு அடியில் கால்பங்கு, மூன்றையும் கூட்டிப் புள்ளி போடுகிறார்கள். எங்கள் அரசமரத்துக்குச் சுற்றளவு 162 அங்குலம், உயரம் 56 அடி, விரிவு 59 அடி. 162, 56, 15 சேர்த்து 233 புள்ளி. ஜெனரல் ஷெர்மனின் புள்ளி இதற்கு எத்தனையோ மடங்கு, ஆனால் அதன் அடியில் டீ கிடைக்காது.

வயசு: சுவரில் சுண்ணாம்பு

பழைய ஓட்டு வீட்டில் வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள். பல வருஷம் கழித்துச் சுவர் உரியும்போது பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். அடுக்கை எண்ணினால் எத்தனை பொங்கல் என்று சொல்லிவிடலாம். மரத்தின் ஆண்டு வளையம் அதுதான். பட்டைக்குச் சற்று உள்ளே கேம்பியம் என்று ஒரு மெல்லிய உயிர்த்தோல் இருக்கிறது. மரம் பருக்கிற வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. நல்ல பருவத்தில் அகலமாக வெளிர் கட்டை போடும், பருவம் முடியும்போது இறுக்கமாகக் கறுத்த கட்டை போடும். வெளிரும் கறுப்பும் சேர்ந்து ஒரு வருஷம்.

ஆனால் சுண்ணாம்புக் கணக்கு எப்போது சரியாக வரும்? வருஷத்துக்கு ஒரு தடவை, தவறாமல் அடித்திருந்தால்தான். சாவு விழுந்த வருஷம் அடித்திருக்க மாட்டார்கள். கல்யாணம் வந்த வருஷம் இரண்டு தடவை அடித்திருப்பார்கள். குளிர்நாட்டில் பனிக்காலம் வந்து மரத்தை வருஷா வருஷம் நிறுத்திவைக்கிறது, அதனால் கோடு சுத்தமாக விழும். சென்னையில் மரத்தை அப்படி நிறுத்த என்ன இருக்கிறது? தேக்கு மாதிரி சில மரங்கள் ஒழுங்காக இலை உதிர்த்து வளையம் போடும். ஆலிலும் அரசிலும் நம்பி எண்ணக்கூடிய வளையம் கிடையாது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஊரெல்லாம் ஆயிரக்கணக்கான மரம் விழுந்து, ரம்பம் போட்ட துண்டுகள் நடைபாதையில் கிடந்தபோது நானும் ஒரு தூங்குமூஞ்சித் துண்டின் முன் குந்திக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். முதல் தடவை 43, இரண்டாவது தடவை 61. மூன்றாவது தடவை எண்ணவில்லை.

தடிமனை வைத்து வயசு சொல்வதில் உள்ள ஓட்டையைப் பனைமரம் காட்டும். பனைக்குக் கேம்பியமே கிடையாது. ஒரு தடிமன் வந்த பிறகு மேலே மட்டும்தான் வளரும். நூறு வருஷப் பனையை ஒரு ஆள் கட்டிப்பிடித்துவிடலாம். பக்கத்தில் ஐம்பது வருஷத் தூங்குமூஞ்சிக்கு மூணு ஆள் வேண்டும். யார் மூத்தவர்? இதில் இன்னொன்று, தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்து மரம், 19ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். ‘300 வருஷத் தூங்குமூஞ்சி’ என்று போர்டு பார்த்தால் அளக்கவே வேண்டாம். மரம் நிற்கும் மண்ணுக்கும் இது பொருந்தும். சென்னைத் துறைமுக வேலை தொடங்கியதே 1870களில், கடலைத் தூர்த்து எடுத்த இடத்தில் நிற்கிற மரம் அதற்கு முன்னால் முளைத்திருக்க முடியாது.

வளையமும் இல்லை, எப்போது நட்டது என்று எழுதி வைத்த பதிவும் இல்லை என்றால் கடைசி வழி கார்பன்-14. காசிமேட்டுக்கு வரும் ஐஸ் பாரை நினைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது எவ்வளவு எடை, எந்த வேகத்தில் கரையும் என்று தெரிந்தால், மிச்சத்தைப் பார்த்துக் கிளம்பி எவ்வளவு நேரம் ஆச்சு என்று சொல்லலாம். காற்றிலிருந்து மரம் எடுக்கிற கரியில் மிகச் சிறு பங்கு கார்பன்-14 என்கிற கதிரியக்கக் கரி. கட்டை உருவான நாளிலிருந்து அது குறைந்துகொண்டே வரும், 5,730 வருஷத்தில் பாதியாகும். நடுக்கட்டையில் ஒரு துணுக்கு எடுத்து மிச்சத்தை அளந்தால் அந்தக் கட்டையின் வயசு வந்துவிடும். ஆப்பிரிக்காவின் பெருக்க மரங்களுக்கு (ராமேஸ்வரம் பக்கம் பொந்தன்புளி என்பார்கள்) இப்படித்தான் வயசு பார்த்தார்கள். ஜிம்பாப்வேயில் ஒன்றுக்கு 2,400 வருஷத்துக்கு மேல் வந்தது. நடு உளுத்துப் பொந்தாகிவிட்டால் இதுவும் சிக்கல்தான், முதல் பக்கங்கள் கிழிந்த கணக்கு நோட்டு மாதிரி. பொந்தானால் மரம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, உயிர் பட்டைக்கடியில்தான் இருக்கிறது.

இதுவரை வந்ததைக் கோத்தால்: வளையம் தெளிவாக இருந்தால் எண்ணலாம், இல்லாவிட்டால் நடுக்கட்டைக் கரியை அளக்கலாம், மரம் ஊருக்கு வந்த காலமும் மண்ணின் காலமும் ‘இதற்கு மேல் போகாது’ என்று வேலி போடும். சுற்றளவு மட்டும் தனியாக எந்த வயசையும் சொல்லாது.

எந்த மரத்தின் வயசு?

அடையாறு ஆலமரத்துக்கு 450 வருஷம் என்பார்கள். அதன் தாய்மரம் 1989இல் புயலில் சாய்ந்துவிட்டது. கொல்கத்தா பக்கம் ஹவுராவில் இருக்கும் பெரிய ஆலமரத்துக்கு 250 வருஷத்துக்கு மேல், அதன் அடிமரத்தைப் பூஞ்சை அரித்து 1925இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்று நிற்பது விழுதுகள்தான். தாத்தா போன பிறகும் கூட்டுக்குடும்பம் அதே பேரில் நடக்கிறது. குடும்பத்தின் வயசைச் சொல்லலாம், எந்த ஒரு விழுதுக்கும் அந்த வயசு கிடையாது.

தலமரமும் இப்படித்தான் என்பது என் அபிப்பிராயம். திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்கு மகிழமரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தார் என்பது தலவரலாறு. காலம் எட்டாம் நூற்றாண்டு வாக்கில். அதைக் கேட்டுவிட்டு இன்றைய மரத்துக்கு 1,200 வருஷம் என்று போடுகிறவர்கள் தலத்தின் வயசை மரத்துக்குக் கொடுக்கிறார்கள். எழுத்து இருந்தால் பேச்சே வேறு. இலங்கையில் அனுராதபுரத்து மகாபோதி நடப்பட்டது கி.மு. 288 என்று பதிவு இருப்பதால்தான், மனிதர் நட்டு, நட்ட தேதி தெரிந்த மரங்களில் அதுவே மூத்தது என்கிறார்கள். அதுவும் அரசமரம்தான், வளையத்தை எண்ணி அதைச் சொல்லியிருக்கவே முடியாது.

எங்கே தேடுவது?

காட்டுக்கு விமானம், லைடார். ஊருக்குக் காம்பவுண்டு சுவர். ரோடு அகலப்படுத்தும்போது தெருவோர மரம்தான் முதலில் போகும், அதனால் பழைய மரம் வேண்டுமென்றால் ரயில்வே இடங்கள், பழைய ஆஸ்பத்திரி, கல்லறைத் தோட்டம், தர்கா, சர்ச், பள்ளிக்கூடம் என்று சுவருக்குள் பாருங்கள். ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856. அப்படித் தேதி தெரிந்த கட்டடத்தை ஒட்டி மரம் இருந்தால், பழைய படமோ வரைபடமோ கிடைக்குமா என்று தேடிப் பார்க்கலாம். இன்னொரு ஆவணம், எண்பது தாண்டியவர்கள். உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

எங்கள் அரசமரத்துக்கு அந்த ஆவணம் மூன்றாவது வீட்டில் இருந்தது. ஆயாவுக்கு 82 வயசு. சணலைச் சுருட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். ‘அது எங்க நைனா வெச்ச மரம்பா. பெரியண்ணன் பொறந்த வருசம் வெச்சாரு. எனக்கு ஒரு அஞ்சு வயசு மூத்தவரு எங்கண்ணன்’ என்றார். ஆக 87 வருஷம். 412 சென்டிமீட்டரை 87ஆல் வகுத்தால் வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பருத்திருக்கிறது. கோயில் தண்ணீரும் டீக்கடைக் கழுநீரும் குடிக்கிற அரசுக்கு அது ஒன்றும் அதிகமில்லை.

டீக்கடை அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘அப்போ இன்னா எழுதறது?’ என்றார். அளந்ததை எழுதலாம், கூடவே தேதியும் போட்டால் அடுத்த வருஷம் எவ்வளவு பருத்தது என்று பார்க்கலாம் என்றேன். பால் கணக்கு எழுதும் சாக்பீஸால் பலகையின் அடியில் ‘சுற்றளவு 4 மீ. 12 செ.மீ.’ என்று எழுதித் தேதியும் போட்டார். 500ஐ அழிக்கவில்லை, அது பெயிண்ட்.